எட்டாவது கட்டம்

படிவத்தில் எட்டாவது கட்டம்: கூரை வகை.
தட்டை, சாய்வு, பிற.
ஒன்றுக்கு மட்டும் டிக் போட வேண்டும்.
மூன்று வாரமாக ஜுலைகாவின் வீடு
அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை,
என் கணினியில் பச்சைக் கோடுகளாக நிற்கிறது.

நான் வரைபவள்.
முத்துப்பேட்டையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் மேசை.
வீடு கட்டுகிறவர்கள் ஆசையோடு படியேறுவார்கள்.
நான் அதிலிருந்து கழிப்பேன்:
வடக்கே மூன்றடி, கிழக்கே மூன்றடி,
பின்னால் ஐந்து.
எஞ்சுவதற்குப் பெயர்தான் வீடு.

புருனேயிலிருந்து நெய்னா ஒரு படம் அனுப்பினார்.
எங்கோ பனி பெய்யும் ஊரின் கூரை,
செங்குத்தாக.
முகட்டுக்குக் கீழே குட்டி ஜன்னல்,
அதில் யாரோ வைத்த பூச்சாடி.
"இதே மாதிரி, தங்கச்சி. செலவு பார்க்க வேணாம்."
நான் பார்த்தது உயரத்தை.
சாய்வுக் கூரையென்றால்
இறவாணத்துக்கும் முகட்டுக்கும் நடுவில்
டேப்பை நிறுத்து என்கிறது விதி.
அங்கே நிறுத்தியும் இரண்டடி கூடுதல்.
சரிவைக் குறைத்து அனுப்பினேன்.
"பூச்சாடி எங்கே?" என்று கேட்டிருந்தார்.

ஜுலைகா நேரில் வந்தாள்.
என் பேனாவை வாங்கி
தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள்,
குறுக்கே, அவ்வளவுதான்.
"இது போதும்.
ஏறி நிக்கிற மாதிரி இருக்கணும்."

கஜா வந்த ராத்திரி
அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஏழும்
பந்தியில் கை கழுவப் போகிறவர்கள்போல
ஒவ்வொன்றாக எழுந்து போயின.
ஒன்று கோரையாற்றில் கிடைத்தது.
பிள்ளையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு
அண்ணாந்தாளாம்.
"மேல ஒண்ணுமே இல்ல.
அவங்க விடியவிடிய போன் போட்டுருக்காங்க.
டவர் விழுந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாலு பக்கமும் சரிந்த கூரை காற்றுக்கு நல்லது,
எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் வழுக்கிப் போகும் என்று
படித்ததைச் சொன்னேன்.
"மழைத்தண்ணி?"
கிழக்கே தங்கையனின் வைக்கோல்போர்.
உன் கூரைத் தண்ணீர் உன் மண்ணில் விழ வேண்டும்:
இது விதிப்புத்தகத்திலும் இருக்கிறது,
தங்கையன் வாயிலும் இருக்கிறது,
அவர் வாயில் சத்தமாக.
மூன்றடிக்குள் இறவாணம் ஒன்றரை அடி நீண்டால்
மிச்ச ஒன்றரையை
ஐப்பசி மழை ஒரே தாவலில் தாண்டும்.
தகரத் தூம்பு வைக்கலாம்.
உப்புக்காற்று அதை மூன்று வருஷத்தில் தின்னும்.

ஞாயிற்றுக்கிழமை
மேசைமேல் போன், ஸ்பீக்கரில் நெய்னா.
"தட்டையா போட்டா கடை மாதிரி இருக்குமே."
"கடைதான் அன்னிக்கு நின்னுச்சு," என்றாள் ஜுலைகா.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
ரொம்ப நேரம்.
"மாடில காத்து வருமா?"
"வரும்."
"ராத்திரி படுக்கலாமா?"
"லீவு கிடைச்சா படுக்கலாம்."

டிக் போட்டேன்: தட்டை.
பொய்தான். எந்தத் தளமும் தட்டையில்லை.
பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம்
நடப்பவர் காலுக்குத் தெரியாமல்
மேற்கே இறக்கியிருக்கிறேன்,
மழைநீர்க் குழியைப் பார்த்து.
தண்ணீர் ஈசானியத்துக்குத்தான் ஓட வேண்டும்
என்றார் கொத்தனார்.
ஈசானியத்தில் தங்கையன் இருக்கிறார் என்றேன்.
வெற்றிலையைத் துப்பிவிட்டு
மட்டக்குழாயை எடுக்கப் போனார்.

அச்செடுக்கும் முன்
முன்பக்கத் தோற்றத்தில்,
கைப்பிடிச் சுவர்மேல், யாரும் கேட்காமல்
சிறியதாக ஒரு பூச்சாடி வரைந்தேன்.

பேரூராட்சி அலுவலகத்தில் பொறியாளர்
அதன்மேல் விரலை வைத்தார்.
"இது என்னம்மா? உயரத்துல சேருமா?"
"செடி சார்."
"வளருமே?"
"வளரும் சார்."
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்,
கொஞ்சம் யோசித்தார்,
அடுத்த தாளைத் திருப்பினார்.